வருமானம் கிளினிக்குடையதா, டாக்டருடையதா? சிங்கப்பூர்ப் பல் மருந்தகங்களின் வரிக் கணக்கு

“அண்ணே, கிளினிக்கைப் பிரைவேட் லிமிடெட்டா மாத்திடலாமா?”

பல் மருந்தகம் வைத்திருக்கும் டாக்டர்கள் கணக்குப் பார்ப்பவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். போன வருடம் என்னிடம் கேட்டவர், சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இரண்டு நாற்காலி போட்டு கிளினிக் நடத்தும் டாக்டர். இரவு எட்டரை மணி. கடைசி நோயாளி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே ஆட்டோகிளேவ் இன்னும் சீறிக்கொண்டிருந்தது. கூடப் படித்த தோழி ஒருத்தி கம்பெனி ஆரம்பித்து வரியைப் பாதியாகக் குறைத்துவிட்டாளாம். “நான் மட்டும் ஏன் முழுசா கட்டணும்?” என்றார்.

நியாயமான கேள்விதான். மேசையில் கிடந்த அப்பாயின்ட்மென்ட் கார்டு ஒன்றைத் திருப்பி இரண்டு எண்களை எழுதினேன்: 17, 24.

17 விழுக்காடு என்பது நிறுவன வரி. 2010 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது, முந்தைய வருட வருமானத்துக்கு வரி கணக்கிடும் ஆண்டு) அது மாறவே இல்லை. 24 விழுக்காடு என்பது தனிநபர் வருமான வரியின் உச்சிப்படி. 2024 மதிப்பீட்டு ஆண்டுக்கு முன்பு உச்சி 22 விழுக்காடாகத்தான் இருந்தது. 320,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் எவ்வளவு சம்பாதித்தாலும் அதே 22. இப்போது 500,000 வெள்ளியைத் தாண்டிய தொகைக்கு 23, ஒரு மில்லியனைத் தாண்டிய தொகைக்கு 24. இந்த மாற்றம் தொடுவது மேல்தட்டில் இருக்கும் சிலரைத்தான். ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அகலமாகிவிட்டதால், ‘கம்பெனி’ என்ற சொல் டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முன்பைவிட அதிகமாகப் புழங்குகிறது.

இடைவெளி எவ்வளவு பெரியது என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். செலவெல்லாம் போக ஒரு டாக்டருக்கு வருடத்துக்கு 400,000 வெள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியுரிமையாளராக, தன் பெயரிலேயே கிளினிக் நடத்தினால், நிவாரணங்களைக் கழிக்காமல் பார்த்தால் வரி 62,150 வெள்ளி. அதே டாக்டர் ஒரு கம்பெனி ஆரம்பித்து, தனக்குச் சம்பளமாக 120,000 வெள்ளி மட்டும் எடுத்துக்கொள்கிறார். மீதி 280,000 கம்பெனியின் லாபம். புதிய நிறுவனங்களுக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் ஒரு சலுகை உண்டு: முதல் 100,000 வெள்ளி லாபத்தில் 75 விழுக்காட்டுக்கும் அடுத்த 100,000 வெள்ளியில் பாதிக்கும் வரி இல்லை. அதைக் கழித்தால் கம்பெனி கட்டுவது 26,350 வெள்ளி. சம்பளத்துக்கு டாக்டர் கட்டுவது 7,950. ஆக மொத்தம் 34,300. கம்பெனியில் மிஞ்சியதை ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டால் அதற்கு இங்கே மறுபடியும் வரி கிடையாது.

27,850 வெள்ளி மிச்சம். தோழி பொய் சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கணக்கை, வரி வசூலிக்கும் உள்நாட்டு வருவாய் ஆணையமும் போடும். எண்களைப் பார்த்ததும் அது கேட்கும் கேள்வி வேறு: “இந்த 400,000 வெள்ளியைச் சம்பாதித்தது யார்?”

யார் கையால் வந்த பணம்

இதற்கு 2020இல் உயர் நீதிமன்றம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. வழக்கில் மாட்டியவர் ஒரு பல் மருத்துவர் என்பதால், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் யாரும் ‘அது வேறு துறை’ என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிளினிக்கில் ஊழியராக வேலை பார்த்தவர் அவர். பிறகு தான் ஒருவரே பங்குதாரர், தான் ஒருவரே இயக்குநர் என்று ஒரு கம்பெனியைத் தொடங்கினார். கிளினிக் அதன்பின் அவருக்குத் தர வேண்டியதை அந்தக் கம்பெனிக்குத் தந்தது. வேலை செய்த கிளினிக் பழையதுதான், கையும் அதே கைதான். மாறியது பணம் போய்ச் சேர்ந்த இடம் மட்டும். கம்பெனி புதிய நிறுவனச் சலுகையை அனுபவித்தது, டாக்டர் குறைந்த ஊதியம் எடுத்துக்கொண்டார், மிச்சம் வரியில்லாத ஈவுத்தொகையாக வந்தது.

ஆணையம் வருமான வரிச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. வரி தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு என்று தெரிந்தால் அதை இல்லாததாகக் கருதி வரி போடலாம் என்கிறது அந்தப் பிரிவு. மேல்முறையீட்டு வாரியம் ஆணையத்தின் பக்கம் நின்றது. உயர் நீதிமன்றமும் டாக்டரின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. கம்பெனிக்குள் போன பணம் டாக்டரின் சொந்த வருமானமாகவே எண்ணப்பட்டது.

இதைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்குப் போய்விடுகிறார்கள். ‘அப்போ டாக்டர்கள் கம்பெனியே வைக்கக்கூடாதா?’ அப்படி இல்லை. கம்பெனி வைப்பது தப்பு என்று ஆணையம் எங்கும் சொல்லவில்லை. அது பார்ப்பது, அந்தக் கம்பெனிக்கு வரியைக் குறைப்பதைத் தவிர வேறு ஏதாவது வேலை இருக்கிறதா என்பதை. கடை வாடகை ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருக்கிறதா? நாற்காலியும் எக்ஸ்ரே இயந்திரமும் யாருடையவை? உதவியாளர்களுக்குச் சம்பளம் தருவது யார்? உரிமையாளரைத் தவிர வேறு டாக்டர்களின் உழைப்பிலும் கம்பெனிக்கு வருமானம் வருகிறதா? நஷ்டம் வந்தால் அது யார் தலையில் விழும்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘கம்பெனி’ என்று பதில் வந்தால் அது உண்மையான தொழில். ஒரு லெட்டர்ஹெட்டும் ஒரு வங்கிக் கணக்கும் மட்டும்தான் கம்பெனியின் சொத்து என்றால், அதை அவிழ்த்துப் பார்க்க ஆணையத்துக்கு அதிக நேரம் ஆகாது.

உண்மையான கம்பெனியாக இருந்தாலும் சம்பளக் கேள்வி தீர்ந்துவிடாது. டாக்டர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் சம்பளம் அவர் செய்யும் வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நான் சொல்லும் உரைகல் ஒன்று உண்டு: “இதே வேலையை, இதே மணிக்கணக்கில், வேறொருவர் கிளினிக்கில் பங்குக்கு வேலை பார்க்கும் அசோசியேட்டாகச் செய்தால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?” அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சம்பளம் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வருடத்துக்கு 400,000 வெள்ளி கொண்டுவரும் கைக்கு 120,000 சம்பளம் என்றால், ‘ஏன்?’ என்று கேட்பவருக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

முன்பெல்லாம் மாட்டிக்கொண்டால் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்ற துணிச்சல் சிலருக்கு இருந்தது. 2023 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அந்தத் துணிச்சலுக்கும் விலை வைத்துவிட்டார்கள். 33ஆம் பிரிவின்கீழ் கணக்கைத் திருத்தி ஆணையம் எவ்வளவு வரி கூடுதலாக விதிக்கிறதோ, அதில் பாதி தனிக் கட்டணமாக அதன் மேல் ஏறும். மூன்று நான்கு வருடக் கணக்கை ஒன்றாகத் திறந்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே கரைந்துவிடும்.

சரி, கம்பெனியால் நேர்மையான லாபம் எதுவும் இல்லையா? உண்டு. 2024, 2025 மதிப்பீட்டு ஆண்டுகளில் நிறுவனங்களுக்கு 50 விழுக்காடு வரிக் கழிவு கிடைத்தது. உள்ளூர் ஊழியர் ஒருவராவது இருந்தால், லாபமே இல்லாத கம்பெனிக்கும் 2,000 வெள்ளி ரொக்கம் வந்தது. பங்குதாரராகவும் இயக்குநராகவும் இருக்கும் டாக்டர் மட்டும் இந்த ‘உள்ளூர் ஊழியர்’ கணக்கில் சேரமாட்டார். தனியுரிமையாளர்களுக்கு இதெல்லாம் கிடையாது. 2025 மதிப்பீட்டு ஆண்டில் தனிநபர்களுக்குக் கிடைத்த கழிவின் உச்சவரம்பு 200 வெள்ளி. அப்புறம், கடன், வழக்கு, கூட்டாளி சேர்வது, பின்னால் விற்பது எல்லாவற்றுக்கும் கம்பெனி என்ற ஓடு உதவும். அவற்றுக்காகக் கம்பெனி தொடங்குங்கள் என்பதுதான் என் கட்சி. 17ஐயும் 24ஐயும் பார்த்துத் தொடங்காதீர்கள்.

இன்னொன்றைப் பலர் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறார்கள். 2023 ஜூனிலிருந்து பல் மருந்தகங்கள் பழைய சட்டத்தை விட்டு, சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்தின்கீழ் உரிமம் பெறுகின்றன. உங்கள் பெயரில் இருக்கும் உரிமம், நேற்றுப் பதிவான கம்பெனிக்குத் தானாகத் தாவிவிடாது. சாஸ் (அரசாங்கத்தின் மருத்துவ மானியத் திட்டம்), மெடிசேவ் (சேமநிதியின் மருத்துவச் சேமிப்பு) ஏற்பாடுகளும் அப்படித்தான். முதலில் சுகாதார அமைச்சிடம் போய் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் பெயர்ப்பலகைக்காரரைக் கூப்பிட வேண்டும்.

ஒரு மில்லியன் கோடு

என் அனுபவத்தில் பல் மருந்தகங்களை அதிகம் கீழே தள்ளுவது வருமான வரி இல்லை. பொருள் சேவை வரிதான், அதாவது ஜிஎஸ்டி.

தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே தொழில் தொடங்கும் டாக்டர்களுக்கு இதில் முதல் ஆச்சரியம் காத்திருக்கும். இந்தியாவில் மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. சிங்கப்பூரில் அந்த விலக்கு இல்லை. பல் பிடுங்கினாலும் சரி, வேர்ச் சிகிச்சை செய்தாலும் சரி, ஜிஎஸ்டிக்குப் பதிவான தனியார் கிளினிக் 9 விழுக்காடு வாங்கத்தான் வேண்டும். பலதுறை மருந்தகம் போன்ற பொது மருத்துவ நிலையங்களில் மானியம் பெறும் நோயாளிகளுக்கான வரியை அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது. தனியார் கிளினிக்குக்கு வரும் நோயாளி ‘பலதுறை மருந்தகத்துல இப்படிப் போடலையே’ என்று ரசீதைக் காட்டிக் கேட்பது இதனால்தான்.

1994 ஏப்ரலில் 3 விழுக்காட்டில் தொடங்கிய வரி இது. 2007இல் 7 ஆனது. 2023 ஜனவரி முதல் தேதி 8, 2024 ஜனவரி முதல் தேதி 9. விகிதம் மூன்று மடங்காகிவிட்டது. ஆனால் யார் பதிவு செய்ய வேண்டும் என்ற கோடு மட்டும் வருடத்துக்கு ஒரு மில்லியன் வெள்ளி விற்றுமுதல் என்று அப்படியே நிற்கிறது. வாடகையும் சம்பளமும் கட்டணமும் வருடாவருடம் ஏற, கோடு நகராமல் நிற்கும்போது என்ன ஆகும்? பெரிதாக வளராத கிளினிக்கும் மெல்ல மெல்ல அதன் பக்கம் தள்ளப்படும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். ஒரு மில்லியன் என்பது டாக்டரின் வருமானம் இல்லை, கிளினிக்கின் மொத்த விற்றுமுதல். உரிமையாளர் மாதம் 45,000 வெள்ளிக்கு வேலை செய்கிறார். கூட இருக்கும் அசோசியேட் டாக்டரும் 45,000. நோயாளிக்கு ரசீது கொடுப்பது கிளினிக். அசோசியேட்டுக்கு அவர் கொண்டுவந்ததில் பாதியைப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உரிமையாளரின் மனக்கணக்கில் ‘அந்தப் பாதி என்னுடையது இல்லை’. ஆனால் விற்றுமுதல் 90,000ஐப் பன்னிரண்டால் பெருக்கிய 1,080,000 வெள்ளி. கோடு தாண்டியாயிற்று.

டிசம்பர் 31ஆம் தேதி அந்த வருடத்தின் விற்றுமுதலைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மில்லியனைத் தாண்டியிருந்தால் ஜனவரி 30க்குள் விண்ணப்பம், மார்ச் முதல் தேதியிலிருந்து வரி வாங்கத் தொடங்க வேண்டும். வருட முடிவுக்குக் காத்திருக்காமல், அடுத்த பன்னிரண்டு மாதங்களில் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் அப்போதே பதிய வேண்டும் என்ற இன்னொரு விதியும் உண்டு. புதுக் கிளை, புதிய அசோசியேட், பெரிய நிறுவனம் ஒன்றின் ஊழியர்களைப் பார்க்கும் ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போடும் நாளில் இது நினைவுக்கு வர வேண்டும்.

வராவிட்டால்? நான் பார்த்த ஒரு கிளினிக் இரண்டு வருடம் கழித்துத்தான் விழித்துக்கொண்டது. பதிவைப் பின்தேதியிட்டுக் கொடுப்பார்கள். அந்தத் தேதியிலிருந்து வாங்கிய ஒவ்வொரு 109 வெள்ளியிலும் 9 வெள்ளி வரி இருந்ததாகவே கணக்கு. நோயாளி பணம் கட்டிவிட்டு எப்போதோ போய்விட்டார். அவரிடம் திரும்பப் போய் ‘ஒன்பது வெள்ளி பாக்கி’ என்று கேட்க முடியாது. டாக்டரின் சட்டைப்பையிலிருந்துதான் போக வேண்டும். 1,090,000 வெள்ளி வாங்கியிருந்தால் 90,000. அதன் மேல் 10 விழுக்காடு தண்டம், 10,000 வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம். அந்த டாக்டர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “யாரும் சொல்லலையே அண்ணே?” முன்பு கணக்குப் பார்த்தவர் வருமான வரியை மட்டும்தான் பார்த்திருந்தார்.

கோட்டைத் தாண்டாமல் இருக்கச் சிலர் கையாளும் வழி, ஒரே கடைக்குள் இரண்டு நிறுவனம். பல் சீரமைப்பு ஒரு கம்பெனி, மற்ற சிகிச்சை எல்லாம் இன்னொரு கம்பெனி. வரவேற்பு மேசை ஒன்று, தொலைபேசி எண் ஒன்று, உதவியாளரும் அதே பெண். இதைச் செயற்கையாகப் பிரித்த தொழில் என்று முடிவு செய்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாகப் பதியச் சொல்லும் அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது. தனியுரிமையாளர்களுக்கு இந்த வித்தைக்கே வழியில்லை. ஒருவர் பெயரில் எத்தனை தொழில் இருந்தாலும் எல்லாம் ஒரே ஆளின் விற்றுமுதல்தான்.

கோட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்குகளும் இந்த வரிக்குத் தப்பவில்லை. வாடகையில் 9 விழுக்காடு, கையுறை, கம்போசிட், இம்பிளாண்ட் எல்லாவற்றிலும் 9 விழுக்காடு. பதிவானவர்கள் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். பதியாதவர்களுக்கு அது முழுக்கச் செலவு. 60,000 வெள்ளிக்கு வாய்க்குள் ஸ்கேன் எடுக்கும் கருவி வாங்கினால் வரி மட்டும் 5,400 வெள்ளி. 7 விழுக்காடாக இருந்திருந்தால் 4,200. அந்த 1,200 வெள்ளி வித்தியாசத்தை யாரும் செய்தியாகப் போடவில்லை.

அப்படியானால் தானாக முன்வந்து பதிந்துகொள்ளலாமே என்று தோன்றும். பதியலாம். ஆனால் குறைந்தது இரண்டு வருடம் பதிவில் இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிதாகத் தாமே முன்வந்து பதிபவர்கள் எல்லாரும் இன்வாய்ஸ்நவ் என்ற மின்-விலைப்பட்டியல் கட்டமைப்பு வழியாக விவரங்களை ஆணையத்துக்கு அனுப்பவும் வேண்டும். ஒரு கிளினிக்கின் வாடிக்கையாளர்கள் வரியைத் திரும்பப் பெறும் வியாபாரிகள் இல்லை, பல்வலியோடு வரும் மனிதர்கள். 9 விழுக்காடு ஏற்றினால் அது முழுசாக அவர்கள் தலையில்தான். சிலர் காஸ்வேயைத் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய்விடுவார்கள். புதிதாகக் கடை போட்டு, கருவிக்கே பெரிய தொகை செலவழிக்கும் முதல் வருடத்தைத் தவிர, தானே முன்வந்து பதிவதை நான் யாருக்கும் எளிதில் பரிந்துரைப்பதில்லை.

சம்பளப் பட்டியலில் நடந்த மாற்றம்

முதலாளியும் ஊழியரும் சேர்ந்து கட்டும் மத்திய சேமநிதியில் நடந்த மாற்றத்துக்கு யாரும் குரல் எழுப்பவில்லை, படிப்படியாக வந்ததால். மாதச் சம்பளத்தில் எவ்வளவு தொகை வரை சேமநிதி கட்ட வேண்டும் என்ற உச்சவரம்பு 2023 ஆகஸ்ட் வரை 6,000 வெள்ளி. அந்தச் செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026 ஜனவரியிலிருந்து 8,000.

கிளினிக்கில் 8,000 வெள்ளி வாங்குபவர்கள் யார் என்று கேட்கலாம். அனுபவமுள்ள வாய்நலச் சிகிச்சையாளர், கிளினிக் மேலாளர், சம்பளத்தில் இருக்கும் இளம் டாக்டர். 55 வயது வரை இருப்பவருக்கு முதலாளி கட்டுவது 17 விழுக்காடு. பழைய வரம்பில் 1,020 வெள்ளி, இப்போது 1,360. ஒரு ஆளுக்கு மாதம் 340, வருடத்துக்கு 4,080 வெள்ளி கூடுதல். இதற்குச் சம்பள உயர்வு என்று பெயரும் இல்லை. கையில் கிடைப்பது குறைகிறதே என்று ஊழியரும் முணுமுணுப்பார். மூத்த ஊழியர்களுக்கான விகிதமும் ஏறிக்கொண்டிருக்கிறது. 55 வயதுக்கு மேல் 60 வரை உள்ளவருக்கு 2026இல் முதலாளியின் பங்கு 16 விழுக்காடு. நம் கிளினிக்குகளில் முன்மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்து, ஒவ்வொரு நோயாளியின் பேரப்பிள்ளை பெயரும் தெரிந்த ஒரு அக்கா இருப்பார். அவர் இந்த வயதில்தான் இருப்பார்.

குறைந்த சம்பள ஊழியர்களுக்கு ஏற்றிக் கொடுத்தால் அரசாங்கம் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. 2025இல் கொடுத்த உயர்வுக்கு 40 விழுக்காடு, 2026இல் 20. மாதம் 3,000 வெள்ளிக்குள் வாங்கும் உள்ளூர் ஊழியருக்கு, வருடத்தில் சராசரியாக 100 வெள்ளியாவது ஏற்றியிருக்க வேண்டும். விண்ணப்பிக்கத் தேவையில்லை, சேமநிதிக் கணக்கைப் பார்த்துத் தானாகவே வரும். 80 வெள்ளி ஏற்றிக் கொடுத்துவிட்டு இதை எதிர்பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டு உதவியாளர்களை எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் வைத்திருப்பவர்களுக்கு 2025 செப்டம்பர் முதல் இரட்டை அடி. குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி, முதலாளி கட்டும் வெளிநாட்டு ஊழியர் தீர்வை மாதம் 650 வெள்ளி. நல்ல உதவியாளர் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் தொழிலில் இதைத் தவிர்க்கவும் வழியில்லை.

அட்டைப் பணம்

வரவுப் பக்கத்தில் பெரிய மாற்றம் சாஸ் திட்டத்தில் நடந்தது. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து நீல, ஆரஞ்சு சாஸ் அட்டைதாரர்களுக்கும், முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினர் என்று அழைக்கப்படும் மூத்த குடிமக்களுக்கும் பல் அடைத்தல், வேர்ச் சிகிச்சை, நிரந்தரக் கிரவுன் போன்றவற்றுக்கு மானியம் கூடியிருக்கிறது. பல்லைப் பிடுங்குவதைவிடக் காப்பாற்றுவதற்கு அதிகம் தருவோம் என்பதுதான் அதன் போக்கு. 60 வயதை எட்டியவர்கள், மெடிசேவில் மூத்தோருக்கான பகுதியான ஃபிளெக்ஸி-மெடிசேவைச் சில பல் சிகிச்சைகளுக்குப் பயன்படுத்தலாம் என்றும், அது 2026 நடுவில் தொடங்கும் என்றும் அமைச்சு அறிவித்தது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைக் கிளினிக்குகளுக்கு இது நல்ல செய்தி. ‘கிரவுன் வேண்டாம் டாக்டர், பிடுங்கிடுங்க’ என்று சொல்லும் தாத்தா இனி யோசிப்பார். ஆனால் நோயாளி தன் பங்கை மட்டும் கட்டிவிட்டுப் போவார். மீதிக்குக் கிளினிக் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கிரவுன் செய்து தரும் ஆய்வகத்தின் கூலி, பொருள் செலவு, அசோசியேட்டின் பங்கு எல்லாம் அதற்குள் வெளியே போயிருக்கும். மானியம் கூடக் கூட, காத்திருக்கும் தொகையும் கூடும். மாதக் கடைசியில் லாபம் காட்டும் கணக்கும் காலியான வங்கிக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது இப்படித்தான்.

சாஸ் கோரிக்கைகளை அமைச்சு தணிக்கை செய்கிறது. தவறாகக் கோரிய பல் மருந்தகங்கள் கடந்த காலத்தில் திட்டத்திலிருந்து நீக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பல், எந்தப் பரப்பு, எந்த எக்ஸ்ரே என்பது அன்றே நோயாளியின் பதிவு அட்டையில் எழுதப்படவில்லை என்றால், செய்த வேலைக்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரும்.

கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்காலி, ஸ்கேனர், எக்ஸ்ரே இயந்திரம் ஆகியவற்றின் விலையை மூன்று வருடத்தில் கழித்துக்கொள்ளலாம். கணினியை ஒரே வருடத்தில். 5,000 வெள்ளிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பொருள்களையும் ஒரே வருடத்தில் கழிக்கலாம், மொத்தம் 30,000 வெள்ளி வரை. கடையைப் புதுப்பிக்கும் செலவுக்கு மூன்று வருடத்துக்கு 300,000 வெள்ளி உச்சவரம்பு. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வடிவமைப்பாளர் கட்டணமும் இதில் சேரும், ஒரே வருடத்தில் கழிக்கும் வழியும் நிரந்தரமாகிவிட்டது. மூன்று வருடக் கட்டமும் இப்போது எல்லாருக்கும் ஒன்றுதான்: முதல் கட்டம் 2025 முதல் 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை. தனியுரிமையாளராக இருக்கும் டாக்டர்கள் டிசம்பர் 31க்குள் துணை ஓய்வூதியத் திட்டத்தில் 15,300 வெள்ளி போட்டால், 22 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 3,366 வெள்ளி வரி குறையும். இதைச் செய்யாமல் கம்பெனி வித்தையை யோசிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

விற்கும்போது

மூத்த டாக்டர்கள் இப்போது கேட்கும் கேள்வி வேறு. பிள்ளைகள் பல் மருத்துவம் படிக்கவில்லை, முதுகு வலிக்கிறது, பெரிய குழுமம் ஒன்று விலை பேசுகிறது. சிங்கப்பூரில் மூலதன ஆதாய வரி கிடையாது. முப்பது வருடமாக வளர்த்த கிளினிக்கின் நல்லெண்ண மதிப்பை (குட்வில்) விற்றுவரும் பணத்துக்கு வருமான வரி இல்லை. கம்பெனிப் பங்குகளாக விற்றால் வாங்குபவர் 0.2 விழுக்காடு முத்திரைத் தீர்வை கட்டுவார், அவ்வளவுதான்.

ஆனால் குழுமங்கள் சும்மா விலை கொடுப்பதில்லை. வாங்கிய பிறகும் டாக்டர் நான்கைந்து வருடம் அங்கேயே இருந்து வேலை பார்க்க வேண்டும், இத்தனை வெள்ளி லாபம் காட்டினால்தான் மீதிப் பணம் என்பார்கள். அங்கேதான் முதலில் கேட்ட கேள்வி திரும்பவும் வருகிறது. அந்த மீதிப் பணம் கிளினிக்கின் விலையா, அல்லது இனி அவர் கை செய்யப்போகும் வேலைக்கான கூலியா? விலை என்றால் வரியில்லை. கூலி என்றால் 24 விழுக்காடு வரை வரி.

அங் மோ கியோவில் ஒரு டாக்டர் போன மாதம் அப்படி ஒரு ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். அவர் கிளினிக்கில் இரும்பு அலமாரி நிறைய நோயாளி அட்டைகள். வாங்க வந்தவர்கள் அவற்றைத்தான் முதலில் எண்ணினார்களாம். ஒப்பந்தத்தில் இரண்டாம் தவணை பற்றிய பத்தியில், ‘டாக்டர் தொடர்ந்து சேவையாற்றுவதைக் கருத்தில் கொண்டு’ என்று ஒரு தொடர் இருந்தது. டாக்டர் அதைக் கவனிக்கவில்லை, நாகரிகத்துக்கு எழுதியது என்று நினைத்திருக்கிறார். அந்த நான்கு வருட வேலைக்கு அவருக்குத் தனியாகச் சந்தைச் சம்பளம் உண்டா, பாதியில் அவர் விலகினாலும் இரண்டாம் தவணை வருமா என்று இரண்டு கேள்விகளை ஓரத்தில் எழுதி, ஒப்பந்தத்தை வாங்குபவர்களுடைய வழக்கறிஞருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.